நாலு மணி பதினஞ்சு நிமிஷம்: சிங்கப்பூர்ல இருந்து நெய்வேலி எவ்வளவு தூரம்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை நெய்வேலியில எங்க குவார்ட்டர்ஸ் பின்கட்டுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுநடுவுல மயில் கத்தும், பொறுத்துக்கோங்க.

முதல்ல உங்க போனை எடுத்து, சென்னை–சிங்கப்பூர் விமானத்துக்கு எவ்வளவு நேரம்னு தேடிப் பாருங்க. நாலு மணி நேரமும் சில நிமிஷங்களும்னு வரும். தூரம் 2,900 கிலோமீட்டர் சொச்சம்னு வரும். ரெண்டுமே சரியான நம்பர்தான். அந்த ரெண்டு சரியான நம்பரையும் வெச்சுக்கிட்டு நான் எங்க அம்மாகிட்ட ஒரு தப்பான பதில் சொன்னேன். அதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

நான் வேலை பார்க்கிறது சிங்கப்பூர்ல. அப்பா இங்க சுரங்கத்துல வேலை பார்க்கிறார், ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கு. ஒரு ஆடி மாசம், மதியம் ரெண்டேகால் மணி வாக்குல அம்மா போன் பண்ணாங்க. இந்தியாவுல அப்போ 11.40. "அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம் தம்பி, நீ எப்ப வருவ?"ன்னு கேட்டாங்க. நான் பதட்டத்துல போனைப் பார்த்துட்டு, "நாலு மணி நேரம்தாம்மா, வந்துடறேன்"னு சொன்னேன்.

அவங்க அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. 11.40-ல இருந்து நாலு மணி நேரம்னா சாயங்காலம் நாலு மணிக்குள்ள பையன் வந்துடுவான். கடலூர்ல இருக்கிற சித்தி உடனே கிளம்பறேன்னு சொன்னப்போ, "நீ எதுக்கு அலையிற, தம்பி நாலு மணிக்கு வந்துடுவான்"னு சொல்லிட்டாங்க. கடலூர்ல இருந்து இங்க வர ஒரு மணி நேரம்தான் ஆகும்.

கொஞ்ச நேரம் கழிச்சு எனக்கு டிக்கெட் கிடைச்சது. மறுபடி கூப்பிட்டு, "எட்டு மணிக்கு ஃப்ளைட்டும்மா, 9.50-க்கு சென்னையில இறங்கிடும்"னு சொன்னேன். அதுவும் சரியான தகவல்தான், டிக்கெட்ல அப்படித்தான் போட்டிருந்தது. அந்த வாக்கியத்துல எவ்வளவு பெரிய குழி இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியல. அந்தக் குழிக்கு அப்புறம் வர்றேன். முதல்ல தூரத்தைப் பார்த்துடலாம்.

ரெண்டு ஊருக்கு நடுவுல விமானத் தூரம்னு நெட்ல வர்றது, பூமியோட வளைவு மேல அளந்த மிகக் குறுகிய தூரம். ஒரு பந்து எடுத்துக்கோங்க. ரெண்டு புள்ளி வெச்சு, ஒரு நூலை இழுத்துப் பிடிச்சு அந்த ரெண்டையும் தொடுங்க. நூல் தானா எந்த வழியில உட்காருதோ அதுதான் குறுக்கு வழி. அந்தக் கோட்டை அப்படியே நீட்டினா பந்தைச் சரிபாதியா வெட்டுற ஒரு வட்டம் வரும். அதுக்குப் பெருவட்டம்னு பேர். நெய்வேலிக்காரங்களுக்கு இந்த இடத்துல சிரிப்பு வரும், ஏன்னா எங்க ஊர்ல தெருவுக்கே வட்டம்னுதான் பேர். வீட்டு விலாசமே இத்தனையாவது வட்டம்னுதான் எழுதுவோம். பேச்சுல மட்டும் பிளாக்.

சென்னை ஏர்போர்ட்ல இருந்து சிங்கப்பூர் சாங்கி வரைக்கும் அந்த நூல் சுமார் 2,925 கிலோமீட்டர். இந்தக் கோடு எது மேலெல்லாம் போகுதுன்னு ஒரு தடவை வரைபடத்துல பார்த்தேன். வங்காள விரிகுடாவைத் தாண்டி, கிரேட் நிக்கோபாருக்குக் கொஞ்சம் தெற்கே போகுது. அப்புறம் சுமத்ராவோட வடமுனை, அதாவது பண்டா ஆச்சே. அங்கிருந்து சுமத்ராவோட கிழக்குக் கரையை ஒட்டி மேடான் பக்கமா இறங்கி, மலாக்கா ஊருக்கு மேல போய், சிங்கப்பூர்.

இந்தப் பேரையெல்லாம் பழைய பேர்ல சொன்னா வேற மாதிரி கேட்கும். ராஜேந்திர சோழன் 1025 வாக்குல கடல் தாண்டிப் படை அனுப்பினான் இல்லையா, அந்தப் படை வென்ற ஊர்களோட பட்டியல் அவனோட மெய்க்கீர்த்தியில இருக்கு. அதுல வர்ற மாநக்கவாரம்தான் நிக்கோபார். இலாமுரிதேசத்தை சுமத்ராவோட வடமுனையோடயும், பண்ணையை அதே தீவோட கிழக்குக் கரையோடயும் வரலாற்று ஆசிரியர்கள் பொருத்துறாங்க. நம்ம நடுராத்திரி ஃப்ளைட்டு தூக்கக் கலக்கத்துல அந்தப் பட்டியல் மேலதான் பறக்குது. ஜன்னல் சீட் கிடைச்சா பாருங்க. ராத்திரியில ஒண்ணும் தெரியாதுதான், இருந்தாலும்.

இப்போ எனக்கே ஆச்சரியமா இருந்த ஒரு கணக்கு. சென்னையில இருந்து இல்லாம, நெய்வேலியில இருந்து நேரா சிங்கப்பூருக்கு நூல் பிடிச்சா எவ்வளவு வரும்? சுமார் 2,930 கிலோமீட்டர். சென்னையில இருந்து அளந்ததும் இதுவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். காரணம் திசை. சிங்கப்பூர் நமக்குக் கிழக்கும் தென்கிழக்குமா இருக்கு. சென்னைக்கு நெய்வேலி தெற்கும் தென்மேற்குமா இருக்கு. ரெண்டு கோடும் ஏறக்குறைய செங்குத்தா வெட்டிக்குது. அதனால நான் இங்கிருந்து கிளம்பி 190 கிலோமீட்டர் வடக்கே போய் சென்னையில விமானம் ஏறும்போது, சிங்கப்பூரை நோக்கி அஞ்சாறு கிலோமீட்டர்தான் நெருங்கியிருக்கேன். அந்த நாலு மணி நேரப் பயணம் மொத்தமும் விமானம் நிக்கிற இடத்துக்குப் போற பயணம், அவ்வளவுதான்.

சரி, தூரம் 2,925. விமானம் மேல போனதும் மணிக்கு 850 கிலோமீட்டர் சுமார்ல பறக்கும். வகுத்துப் பாருங்க, மூணு மணி இருபத்தாறு நிமிஷம் வருது. ஆனா டிக்கெட்ல நாலேகால்னு போட்டிருக்கு. மிச்ச அம்பது நிமிஷம் எங்க போச்சு?

டிக்கெட்ல இருக்கிறது பறக்கிற நேரம் மட்டும் இல்ல. அதுக்கு பிளாக் டைம்னு பேர். (ஆமா, இங்கயும் பிளாக்தான்.) விமானம் நிக்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வெச்சிருப்பாங்க. இந்த ஊர்ல அதை எடுத்துட்டு விமானம் நகர ஆரம்பிச்சதுல இருந்து, அந்த ஊர்ல போய் நின்னு மறுபடி முட்டுக்கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம் அது. அதுக்குள்ள ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, முன்னாடி நாலு விமானம் நின்னா வரிசையில காத்திருக்கிறது எல்லாம் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. பொதுவா பத்தாயிரம் அடிக்குக் கீழ மணிக்கு 460 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு இருக்கு. வழியும் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்காது. வானத்துல பேர் வெச்ச புள்ளிகள் இருக்கு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போகணும். நடுவுல இடிமேகம் இருந்தா சுத்திப் போகணும். சிங்கப்பூர் பக்கம் ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் விடியற்காலையில 'சுமத்ரா ஸ்குவால்'னு ஒரு புயல்மழை வரிசை வரும். சென்னையில இருந்து ராத்திரி கிளம்பிக் காலையில இறங்குற ஃப்ளைட்டு அதுல மாட்டினா, மேலயே வட்டம் போட வேண்டியதுதான். இதுக்கெல்லாம் சேர்த்து விமானக் கம்பெனிகள் கொஞ்சம் கூடுதலாவே நேரம் போட்டு வைப்பாங்க. சொன்ன நேரத்துல இருந்து 15 நிமிஷத்துக்குள்ள வந்துட்டா சரியான நேரத்துல வந்த கணக்குதான். அதனாலதான் லேட்டா கிளம்பின ஃப்ளைட்டு கூட சில நாள் கரெக்டா போய் இறங்கி, பைலட் பெருமையா அறிவிக்கிறார். (சிரிப்பு)

காற்றும் ஒரு காரணம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆடிக்காற்றுல அம்மியும் பறக்கும்னு சொல்வோம். அந்த ஆடிக்காற்று தரையில மேற்கே இருந்து கிழக்கே வீசுது. ஆனா அதே ஆடி மாசத்துல, நம்ம தலைக்கு மேல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துலயும் அதுக்கு மேலயும், நேர் எதிரா கிழக்கே இருந்து மேற்கே ஒரு காற்று ஓடுது. அதுக்கு வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றுன்னு பேர். 1950-கள்ல அதைப் பற்றி முக்கியமா ஆராய்ஞ்சு உலகத்துக்குச் சொன்னவர் பி. கோடீஸ்வரம், இந்திய வானிலை ஆய்வுத் துறையோட தலைவரா பின்னாடி இருந்தவர். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சிங்கப்பூர்ல இருந்து சென்னைக்கு வர்ற விமானத்துக்கு அது முதுகுல கை வெச்சுத் தள்ளுது. போற விமானத்தை நெஞ்சுல கை வெச்சுத் தடுக்குது. காற்றோட வேகம் சராசரியா மணிக்கு 50 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். வரும்போது 900, போகும்போது 800. போக வர 24 நிமிஷம் வித்தியாசம் வந்துடும். அதே வழி, அதே விமானம்.

நான் வந்த அன்னைக்கும் அந்தக் காற்று பின்னாலதான் இருந்திருக்கணும். விமானம் குறிச்ச நேரத்துல கிளம்பி, குறிச்ச நேரத்துல இறங்குச்சு. யார் மேலயும் ஒரு குறை சொல்ல முடியாது. அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்பறேன். அன்னைக்கு எதுவுமே தப்பா நடக்கல.

இப்போ அந்தக் குழிக்கு வர்றேன். "எட்டு மணிக்கு ஃப்ளைட், 9.50-க்கு இறங்கிடும்."

டிக்கெட்ல போடுற நேரம் எப்பவும் அந்தந்த ஊர் நேரம். எட்டு மணி சிங்கப்பூர் நேரம், 9.50 இந்திய நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. அதனால எட்டுல இருந்து 9.50 வரைக்கும் உள்ள ஒன்றேமுக்கால் மணி நேரத்தோட ரெண்டரையைச் சேர்த்தா நாலேகால். (என் ஃப்ளைட்டு சரியா 8.05.) போகும்போது இது தலைகீழ். இங்க ராத்திரி பதினொண்ணுக்கு ஏறினா அங்க காலையில 5.45-க்கு இறங்குவோம். ஆறேமுக்கால் மணி நேரம் பறந்த மாதிரி கடிகாரம் சொல்லும், உடம்பு நாலேகால்னு சொல்லும். தூங்கின தூக்கமும் நாலேகால் மணி நேரத் தூக்கம்தான். அதுல சாப்பாடு கொடுக்க எழுப்பிடுவாங்க.

ரெண்டரை மணி நேர வித்தியாசமே கொஞ்சம் செயற்கையானதுதான். சூரியனை வெச்சுக் கணக்குப் போட்டா, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல சுமார் 24 டிகிரி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான் உண்மையான வித்தியாசம். சிங்கப்பூர் முதல்ல நம்மளைவிட ரெண்டு மணி நேரம்தான் முன்னாடி இருந்தது. மலேசியா தன்னோட ரெண்டு பகுதிக்கும் ஒரே நேரம் வைக்க முடிவு பண்ணப்போ, சிங்கப்பூரும் கூடவே சேர்ந்து 1982 ஜனவரி 1-ல இருந்து அரை மணி நேரம் முன்னாடி தள்ளிக்கிச்சு. அங்க காலையில ஏழு மணிக்குத்தான் விடியுது, அதுக்கு இதுதான் காரணம்.

எங்க அம்மாவுக்கு இதெல்லாம் எதுக்குத் தெரியணும்? அவங்க சாதாரணமா கழிச்சுப் பார்த்தாங்க. எட்டுல இருந்து 9.50. ரெண்டு மணி நேரம் கூட இல்ல. முதல்ல நாலு மணி நேரம்னு சொன்னான், இப்போ ரெண்டு மணி நேரம்னு சொல்றான், வேகமான ஃப்ளைட்டு போலிருக்குன்னு நினைச்சிருக்காங்க. இதைச் சொல்லி இப்போ சிரிப்போம். அப்போ யாரும் சிரிக்கல.

சாயங்காலம் ஏழு மணிக்கு டாக்டர் வந்து, ஒரு சிகிச்சை உடனே செய்யணும், சம்மதக் கையெழுத்து வேணும்னு கேட்டிருக்கார். அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. அவங்க கணக்குப்படி எனக்கு எட்டு மணிக்குத்தான் ஃப்ளைட்டு. ஏழு மணிக்கு நான் ஏர்போர்ட்ல போனை எடுக்கிற நிலைமையிலதானே இருக்கணும்? போன் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அடிச்சாங்க. ஸ்விட்ச் ஆஃப். சிங்கப்பூர் எட்டு மணிங்கிறது இந்தியாவுல அஞ்சரை. அவங்க கூப்பிட்டப்போ நான் சுமத்ராவோட வடமுனைக்குப் பக்கத்துல எங்கயோ பறந்துக்கிட்டிருந்தேன். அவங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல, கூட ஒரு ஆள் இல்லாம, அப்பாவுக்கும் ஏதோ ஆயிடுச்சு, எனக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு, தனியா கையெழுத்துப் போட்டாங்க. அந்த பேப்பரைப் பின்னாடி ஒரு ஃபைல்ல பார்த்தேன். எங்க அம்மா கையெழுத்து மணிமணியா இருக்கும். அதுல இருந்தது அவங்க கையெழுத்து மாதிரியே இல்ல.

நான் 9.50-க்கு இறங்கினேன். போனை ஆன் பண்ணதும் பதினேழு மிஸ்டு கால். குடியேற்றச் சோதனை, பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிஞ்சு வெளிய வரும்போது 10.45. கால் டாக்ஸி கிளம்பும்போது பதினொண்ணு. பரனூர் டோல்கேட், திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி. நடுவுல டிரைவர் அண்ணனுக்குத் தூக்கம் வரக் கூடாதுன்னு ஒரு டீ. நெய்வேலி ஆர்ச் கேட்டுக்குள்ள நுழையும்போது மணி மூணு.

நான் சிங்கப்பூர் வீட்டைப் பூட்டினது இந்திய நேரப்படி மதியம் ரெண்டு மணிக்கு. வாசல்ல இருந்து வாசலுக்கு 13 மணி நேரம். அதுல விமானம் நாலேகால். மிச்சம் எட்டேமுக்கால். 2,925 கிலோமீட்டர் கடலைத் தாண்ட ஆன நேரத்துக்கும், கடைசி 190 கிலோமீட்டர் ரோட்டைத் தாண்ட ஆன நேரத்துக்கும் கால் மணி நேரம்தான் வித்தியாசம். மொத்தத்தையும் சேர்த்து சராசரி எடுத்தா மணிக்கு 240 கிலோமீட்டர். 850-ல பறந்தேன்னு சொல்லிக்கலாம், ஆனா நான் வீட்டுக்கு வந்த வேகம் 240.

அப்பா நல்லா இருக்கார், அதை முன்னாடியே சொல்லியிருக்கணும். நாலஞ்சு நாள் கழிச்சு வார்டுக்கு மாத்தினாங்க. அம்மா நடந்ததையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தப்போ, படுத்துக்கிட்டே கேட்டுட்டு அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மேல்மண் கணக்கை விட்டுட்டியேப்பா."

வெளியூர்க்காரங்களுக்கு இதை விளக்கணும். நெய்வேலியில பழுப்பு நிலக்கரி தரையிலயே கிடக்காது. அதுக்கு மேல அம்பது மீட்டர், நூறு மீட்டர்னு மண்ணு இருக்கு. அந்த ராட்சச சக்கர மிஷினெல்லாம் பெரும்பாலும் தோண்டுறது அந்த மேல்மண்ணைத்தான். ஒரு டன் நிலக்கரி எடுக்க அதைப் போல பல மடங்கு மண்ணை அள்ளிப் போடணும். சுரங்கத்துல இருக்கிற யார்கிட்டயாவது "நிலக்கரி எவ்வளவு இருக்கு"ன்னு மட்டும் கேட்டா சிரிப்பாங்க. மேல்மண் எவ்வளவுன்னு சேர்த்துக் கேட்டாதான் அது கேள்வி. நான் நிலக்கரியை மட்டும் சொல்லிட்டேன்.

இந்தக் குழப்பம் ஒரு காலத்துல இருந்திருக்காது. 'ரஜூலா' கப்பல் தெரியுமா? சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடின கப்பல், 70-கள் வரைக்கும் இருந்தது. அதுக்கு அப்புறம் 'எம்.வி. சிதம்பரம்', 1985-ல தீப்பிடிச்சதோட அதுவும் போச்சு. அதுல போறவங்களுக்கு ஒரு வாரம் வாக்குல ஆகும். துறைமுகத்துக்குப் போக ஒரு நாள் கூட ஆனாலும் அந்தக் கணக்குல பெருசா தெரியாது. நடுப்பகுதி சுருங்கிச் சுருங்கி நாலேகால் மணி ஆனதுக்கு அப்புறம்தான் ரெண்டு ஓரமும் பெருசாத் தெரியுது. இன்னும் வேகமான விமானம் வந்தாலும் எனக்கு ஒண்ணும் பெருசா மாறாது. 13 மணி 12 ஆகும்.

அப்போ ஓரத்தைச் சுருக்க வழி இல்லையா? எங்க ஊர்லயே ஒரு ஓடுதளம் இருக்கு தெரியுமா? என்.எல்.சி.யோடது. 1980-கள்ல வாயுதூத் விமானம் இங்க வந்து போயிருக்கு. எங்க பெரியவங்க அதை வேடிக்கை பார்க்கப் போன கதையெல்லாம் சொல்வாங்க. அப்புறம் 2017 மார்ச்ல மத்திய அரசோட உடான் திட்டத்துல முதல் பட்டியல் வந்தப்போ நெய்வேலி–சென்னை வழியும் அதுல இருந்தது. ஊரே பேசுச்சு. நேர்கோட்டுல சுமார் 170 கிலோமீட்டர், சின்ன விமானத்துல முக்கால் மணி நேரப் பயணம். நான் இன்னும் ஒரு தடவை கூட அங்கிருந்து ஏறினதில்ல. ஏறினாலும், ராத்திரி பத்து மணிக்கு மேல சென்னையில இறங்குறவனுக்குக் காலையில வர்ற சின்ன விமானத்தால என்ன பிரயோஜனம்னு தோணும். அதுக்குள்ள டாக்ஸி வீட்டுக்கே வந்துடும்.

உண்மையில உபயோகமா இருந்தது திருச்சி. திருச்சியில இருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னையைவிட 55 கிலோமீட்டர் அதிகம். விமானத்துக்கு அது நாலு நிமிஷம். ஆனா நெய்வேலியில இருந்து திருச்சி ரோடு 150 கிலோமீட்டர் வாக்குலதான். வானத்துல நாலு நிமிஷம் கொடுத்து, தரையில ஒரு மணி நேரம் வாங்கிக்கலாம். தேடல்ல 'தூரம் குறைவு'ன்னு பார்த்து டிக்கெட் எடுக்கிறவங்க இதைக் கவனிக்கிறதே இல்ல. கும்பகோணம், சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் வீடு இருக்கிறவங்க ரெண்டு ஏர்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஆனா அன்னைக்கு மாதிரி அவசரத்துக்கு எது முதல்ல கிடைக்குதோ அதுதான்.

பஸ்ல போறவங்களுக்கு இன்னொரு விஷயம். 2023 கடைசியில கிளாம்பாக்கம் திறந்ததுக்கு அப்புறம் தென்மாவட்ட பஸ்ஸெல்லாம் அங்கயே நின்னுடுது. கோயம்பேட்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதில்ல, ஏர்போர்ட்டும் பக்கம். ஆனா பெட்டியோட இறங்கி இன்னொரு வண்டி மாறணும், அதுக்கு ஒரு மணி நேரம் தனியா ஒதுக்குங்க. பொங்கல், தீபாவளி முடிஞ்ச ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா பரனூருக்கு மட்டுமே தனிக் கணக்கு.

நடுராத்திரி ஃப்ளைட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு. டிக்கெட்ல பத்தாம் தேதி 00.15-னு போட்டிருந்தா ஒன்பதாம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்ல இருக்கணும். நெய்வேலியில இருந்து ஒன்பதாம் தேதி மதியமே கிளம்பணும். என் கூட வேலை பார்க்கிற ஒருத்தர் பத்தாம் தேதி ராத்திரி குடும்பத்தோட, பலாப்பழத்தோட ஏர்போர்ட்ல போய் நின்னார். பண்ருட்டிப் பலாப்பழம். டிக்கெட் போனதைவிட, புதுசா எடுத்த டிக்கெட்ல பழத்தைக் கொண்டுபோக முடியலன்னுதான் அவருக்கு வருத்தம்.

அந்த ஆடிக்கு அப்புறம் நான் வீட்டுக்கு விமான நேரம் சொல்றதே இல்ல. எந்த ஊர்ல இருக்கேன், எத்தனை மணிக்கு ஏறுறேன், எதுவும் சொல்றதில்ல. ரெண்டே விஷயம்தான் சொல்வேன், ரெண்டும் இந்திய நேரத்துல. ஒண்ணு, வாசலுக்கு எப்ப வருவேன், அதுலயும் ஒரு மணி நேரம் கூட்டித்தான். இன்னொண்ணு, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் போன் எடுக்காது. முக்கியமா இந்த ரெண்டாவது. அந்த நேரத்துல ஏதாவதுன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு சித்தி நம்பரையும் பக்கத்து வீட்டு அண்ணன் நம்பரையும் பெரிய எழுத்துல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கேன். நான் வர்றேன்னு யாரையும் வர வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். அதை மட்டும் அம்மா இன்னும் முழுசா ஒத்துக்கல.

இந்தத் தடவை வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்துடுவேம்மா"ன்னேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "நம்ம ஆறு மணியா, உங்க ஆறு மணியா?"ன்னு கேட்டாங்க.

"நம்ம ஆறு மணிதாம்மா. வாசல்ல."

"சரி, அப்போ மாவு ஆட்டி வெச்சிடறேன்"னு சொல்லிப் போனை வெச்சுட்டாங்க. நான் வந்து சேர்ந்தப்போ மணி 5.40. அம்மா வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல ஸ்டூல்ல சித்தி.